மாடித் தோட்டத்து மூலிகைகளுக்கு வேப்பெண்ணெய்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

துளசி, கற்பூரவல்லி, புதினா, கறிவேப்பிலை என நான்கு மூலிகைகளை மாடியில் தொட்டிகளில் வளர்த்துவரும் நான், துளசித் தண்டுகளில் மாவுப்பூச்சி பஞ்சுபோல் அப்பியிருந்ததைக் கண்டு, இயற்கை அங்காடி ஒன்றில் 100 மி.லி. வேப்பெண்ணெய்ப் புட்டியை 110 ரூபாய்க்கு வாங்கினேன்.

எண்ணெயில் குறை சொல்ல ஏதுமில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெய்க்குரிய பூண்டு நெடி மூடியைத் திறந்ததும் எழுகிறது. மார்கழிக் காலையில் அது நெய்போல் உறைந்துவிட்டதைப் பார்த்துக் கலப்படமோ என்று வீட்டில் ஐயுற்றார்கள். வேப்பெண்ணெயின் இயல்பே அதுதான், வெதுவெதுப்பான நீரில் வைத்ததும் இளகிவிட்டது.

குறை முழுவதும் புட்டியில் ஒட்டிய தாளில் இருக்கிறது. "ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. கலந்து தெளிக்கவும்" என்ற ஒற்றை வரியை நம்பி அப்படியே ஊற்றித் தெளித்ததில், தெளிப்பானிலிருந்து முதலில் வெறும் தண்ணீரும், மேலே மிதந்த எண்ணெய் கடைசியிலும் வந்து, இறுதியாக நின்ற புதினாவின் தளிர்கள் கருகின. எண்ணெயை முதலில் காதி சோப்புக் கரைசலில் விட்டுப் பால்போல் வெளுக்கும்வரை அடித்து, பிறகு நீர் சேர்க்க வேண்டும் என்பதை நானாகத்தான் கண்டுகொண்டேன். பூச்சிகளின் உணவு நாட்டத்தையும் தோலுரிப்பையும் தடுக்கும், வேப்பெண்ணெயிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். அந்தக் குறிப்பும் இல்லை. பூச்சிமருந்துக் கடைகளில் விற்கும் வேம்பு மருந்துகளில் 300, 1500, 10000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று அசாடிராக்டின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். இங்கே அதுவும் காணோம்.

தெளித்த மறுநாளே பூச்சிகள் செத்து விழும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையைத் தாண்டி மருந்து எளிதில் இறங்காது என்பதால், முற்றிய பூச்சிகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நீக்கிவிட்டு, வாரம் ஒருமுறை தெளித்தேன். நான்காம் வாரத்தில்தான் துளசி தெளிந்தது. மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பான தேன்கழிவுக்காக அதைப் பேணிக் காக்கும் எறும்புகளையும் தொட்டியின் அடியிலேயே தடுக்க வேண்டியிருந்தது. கற்பூரவல்லிக்கு இந்த எண்ணெய் தேவைப்படவே இல்லை. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் தோன்றி, வளர்ந்ததும் பச்சையாகிவிடும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களைக் கையால் பொறுக்கி எடுப்பதே எளிதாயிருந்தது. அதற்கு எண்ணெயை வீணாக்க மனம் வரவில்லை.

அன்றாடம் பறிக்கும் இலைகளில் தெளிப்பவர்கள் கசப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். தெளித்த மூன்றாம் நாள் நன்றாகக் கழுவி அரைத்த புதினாச் சட்னியை எங்கள் வீட்டில் இரண்டாம் முறை யாரும் தொடவில்லை. துளசிக்காக இந்த எண்ணெயையே மறுபடியும் வாங்குவேன். புதினாவுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன்.