வில் செய்ய எந்த மரம்: ஈப்பேயா, மசராண்டூபாவா, லெமன்வுட்டா?

மரவில் செய்கிறவர்களிடம் நல்ல வெப்பமண்டல மரம் எது என்று கேட்டால் பெரும்பாலும் ஈப்பே என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிப் பதில். வில்லின் முதுகில், அதாவது எய்பவரைப் பார்க்காத வெளிப்பக்கத்தில், மூங்கில் பட்டை ஒட்டப் போகிறீர்களா, ஒரே கட்டையில் முடிக்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து மரம் மாறும்.

நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு இழுபடும், வயிறு, அதாவது எய்பவரைப் பார்த்த பக்கம், நசுங்கும். கனத்த வெப்பமண்டல மரங்கள் நசுங்கலை அருமையாகத் தாங்கும். சிக்கல் முதுகில்தான். ஓசேஜ் ஆரஞ்சு போன்ற குளிர்நாட்டு மரத்தில் ஆண்டு வளையம் பளிச்சென்று தெரிவதால், ஒரே வளையத்தை முதுகு நெடுக வெட்டுப்படாமல் விடலாம். வெப்பமண்டல மரங்களிலோ வளையம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. கைக்கு வருவதும் அறுத்த பலகைதான். ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் கோடு, நேராக ஓடாமல் பலகையின் ஓரத்தில் வெளியேறினால், அந்த இடத்தில் நார் கிளம்பி வில் ஒடிந்துவிடும்.

ஈப்பேக்கு பிரேசிலில் இன்னொரு பெயர் பாவ் தார்க்கோ. வில் மரம் என்றே அர்த்தம். ஒரு கன மீட்டர் சுமார் 1,100 கிலோ இருக்கும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். இவ்வளவு கெட்டியாக இருப்பதால் ஒன்றேகால் அங்குல அகலமே நல்ல பலமான வில்லுக்குப் போதும். பல நாள் எய்தாலும், நாணைக் கழற்றிய பிறகு அவ்வளவாக வளைந்து நின்றுவிடாது. மூங்கில் இழுவிசையை நன்றாகத் தாங்கும், ஈப்பே நசுங்கலைத் தாங்கும். இந்த ஜோடியை மிஞ்ச வேறொன்று எனக்குத் தெரியவில்லை. முனைகளை மட்டும் நன்றாக ஒடுக்கிச் செதுக்குங்கள். முனை கனத்தால் அம்பின் வேகம் குறையும். ஒட்டுவதற்குச் சற்று முன் பரப்பைச் சுரண்டிப் புதிதாக்குவதும் அவசியம், ஏனென்றால் இது எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம். அப்புறம் தூசி. மஞ்சளாகப் பறக்கும், சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், தோலையும் மூச்சையும் தொந்தரவு செய்யும். முகக்கவசம் இல்லாமல் அரத்தைத் தொடாதீர்கள்.

ஈப்பே வாங்குமுன் ஒன்றை யோசிக்க வேண்டும். காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரம் இது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2022இல் பனாமாவில் கூடி, இதை அதன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது, 2024 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு வில்லுக்காகப் புது மரம் வெட்ட வேண்டியதே இல்லை. பழைய மரத்தளத்தைப் பிரித்தெடுத்த பலகையே போதும், ஆணித் துளை இல்லாத நீளம் கிடைத்தால் சரி.

மசராண்டூபா நம் சப்போட்டாவின் உறவு, ஒரே பேரினம். எடை கன மீட்டருக்கு சுமார் 1,080 கிலோ. வலிமையில் ஈப்பேக்குச் சளைத்ததல்ல. ஆனால் பருவத்துக்குப் பருவம் அதிகமாக உப்பிச் சுருங்கும், பரப்பில் விரிசல் விடும். நன்றாகக் காய்ந்த பலகை கிடைத்தால் மூங்கில் ஒட்டி, ஈப்பேக்குப் பதிலாகத் தயங்காமல் எடுப்பேன். ஈரப் பலகை என்றால் தொடவே மாட்டேன்.

லெமன்வுட் ஒரே கட்டையில் செய்கிறவர்களுக்கான மரம். பெயரில்தான் எலுமிச்சை, குடும்பம் காப்பியுடையது. நிகராகுவாவின் தேசிய மரமும் இதுதான். 1920களிலிருந்து 1950கள் வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏராளமான விற்கள் இதில் செய்யப்பட்டன, கியூபாவிலிருந்து மரம் போனது. எடை சுமார் 800 கிலோதான். இழை சீராகவும் ரேகை நேராகவும் இருப்பதால் வளையத்தைப் பற்றிக் கவலைப்படாமல் செதுக்கலாம், புதுக் கைக்கு ரொம்பவே ஒத்துழைக்கும். நாளாக ஆக வளைந்து நிற்பது இதன் குறை. 1962இல் அமெரிக்கா கியூபாவுடன் வணிகத்தை நிறுத்திய பிறகு அமெரிக்காவில் இது கிடைப்பதும் அருகிவிட்டது.

பர்ப்பிள்ஹார்ட் மரத்தை, பல பட்டைகளை ஒட்டிச் செய்யும் அடுக்கு வில்லின் நடுப்பட்டையாக வைக்கலாம், நிறமும் கண்ணைப் பறிக்கும். ஸ்னேக்வுட் இவை எல்லாவற்றையும்விடக் கனம், ஆனால் சிறு துண்டுகளாகத்தான் கிடைக்கும், விலையும் எக்கச்சக்கம்.

எதை வாங்கினாலும் ஆறடிப் பலகையின் அகலப் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டிலும் திருப்பி, ஒரு ரேகையின் மேல் விரலை வைத்து முனை வரை ஓட்டிப் பாருங்கள். பாதி வழியில் விரல் ஓரத்துக்கு வெளியே போய்விட்டால் அந்தப் பலகையை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.