சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்க ஐந்நூறு ரூபாய்

“ஐந்நூறா? அந்தக் காசை என்கிட்ட குடுத்திருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே” என்றார் அம்மா. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டுவலி, ஊட்டியின் காந்தல் பகுதியில் நாற்பது வருடத்துக்கு மேல் குடியிருப்பு. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஊட்டியில் பிறந்து, படித்து, கல்யாணமாகிக் கோவைக்குப் போனவள், பொங்கல் லீவுக்குத் தாய்வீடு வந்த இடத்தில் காசு கொடுத்து ஊட்டியைச் சுற்றிப் பார்த்தேன் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் தோழி அனுப்பிய வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. ‘மார்க்கெட்டில் தொடங்கிக் காந்தலில் முடியும் நடை.’ காந்தலுக்கு யார் சுற்றுலா வருகிறார்கள்? கல்லூரியில் படிக்கும்போது ஊட்டியில் எங்கே என்று கேட்டால் ‘லேக் பக்கம்’ என்று மழுப்புவேன். காந்தல் என்று வாயைத் திறந்து சொன்னதே இல்லை.

நடத்துவது ஒரு தம்பி, குன்னூர்க்காரர். கூட்டத்தின் வாலில் நடந்து வர அவருடைய நண்பர் ஒருவர். அமைப்புக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை, வாட்ஸ்அப் குழு மட்டும்தான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏ.டி.சி. பஸ் ஸ்டாப் பக்கம் கூடச் சொன்னார். எட்டுப் பேர்தான் என்று சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் பதினான்கு பேர். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஜனவரிக் குளிரில் ரப்பர் செருப்போடு நின்றது. திருப்பூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு தம்பதி, தலையில் குல்லாய், கழுத்தில் மஃப்ளர், கையில் ஃப்ளாஸ்க் என்று முழுத் தயாரிப்போடு வந்திருந்தார்கள். ஊட்டிக் குளிர் தெரிந்தவர்கள்.

முதலில் எங்களை அழைத்துப்போய் நிறுத்திய இடம் ஒரு சாக்கடைப் பாலம். சென்னை அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். கோடப்பமந்து கால்வாய். ஊருக்கு மேலே கோடப்பமந்திலிருந்து இறங்கி, கடைகளுக்குப் பின்னாலும் அடியிலும் புகுந்து, மார்க்கெட்டைத் தாண்டி ஏரியில் போய் விழுகிறது. மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு என்பது ஊட்டிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிய இந்தச் சாக்கடை, ஒரு மந்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஊரின் நடுவே ஓடும் நீரோடை என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அதே இடத்தில் நின்றுகொண்டே ஏரியையும் சொல்லிவிட்டார். 1820களில் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஓடைகளை மறித்துக் கட்டியது. அன்றைக்கு அது இன்றைய அளவில் இல்லை. இப்போது பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடம், 2024 வரை குதிரைப் பந்தய மைதானமாக இருந்த இடம் வரைக்கும் தண்ணீர்தான். “அதனாலதாங்க மழை பேஞ்சா பஸ் ஸ்டாண்டு பக்கம் தண்ணி நிக்குது. அது பழைய வீட்டுக்குத் திரும்பி வருது” என்றார். பேச்சுக்காரர்தான். இந்தப் பத்து நிமிடத்துக்கே பாதிக் காசு சரியாகிவிட்டது.

மீதிப் பாதிக்கு மார்க்கெட். நானாக எழுதினால் இதை மட்டுமே நாலு பக்கம் எழுதுவேன். விடிந்த நேரத்தில் மூட்டை இறங்குகிறது. கழுவின கேரட் ஈரத்தோடு சாக்குக்குள் மின்னுகிறது. மலையில் விளைவதில் பெரும்பங்கு இங்கே நிற்காமல் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடும், அங்கே ஏலம் போன விலைதான் மேலே தோட்டத்தில் இருப்பவனுக்கும் விலை என்று தம்பி விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்த அண்ணன் ஒருவர் நின்று, “அதையும் சொல்லு தம்பி, வெல இல்லாத அன்னிக்கு வண்டி வாடகைகூடத் தேறாது” என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படி நடுவில் யாராவது புகுந்து பேசினால் தம்பி தடுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அது பெரிய விஷயம்.

உருளைக்கிழங்குக் கடை அக்கா ஒருவர் பெருவிரலால் தோலைத் தேய்த்துக் காட்டினார். உரிந்து வந்தால் புதுக் கிழங்கு, வராவிட்டால் குடோனில் கிடந்தது. மலைப்பூண்டு ஒரு பல்லைக் கிள்ளி எல்லார் கையிலும் தடவிவிட்டார். மத்தியானம் சாப்பிடும்போதும் அந்த வாசம் போகவில்லை. நூக்கோலைப் பார்த்து ‘இது என்ன காய்’ என்று கேட்ட பெங்களூர்ப் பெண்ணுக்கு அதை எப்படிக் கூட்டு வைப்பது என்று திருப்பூர் அம்மாவே பாடம் எடுத்தார். வழிகாட்டிக்கு அங்கே வேலையே இல்லை.

மாரியம்மன் கோவிலை வாசலில் நின்றுதான் பார்த்தோம். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்த வியாபாரிகளிடம் இரண்டு பெண்கள் வந்து தங்க இடம் கேட்டார்கள், ஒரு மரத்தடியைக் காட்டியதும் அங்கே ஒளியாகி மறைந்தார்கள் என்பது கதை. அதனால்தான் மாரியும் காளியும் ஒரே பீடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தையிலிருந்து கோவில் வந்தது, கோவிலுக்குச் சந்தைக்காரர்கள் வந்தார்கள். சித்திரைத் தேருக்கு முன்னால் நாளுக்கொரு சமூகத்தார் உபயம் எடுப்பதைச் சொன்னபோது, ‘எங்க அப்பா ஒரு வருஷம் தேர்வடம் பிடிச்சாரு’ என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் வர்க்கி. பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் விறகு அடுப்பு பேக்கரி. முந்தின மாவில் கொஞ்சம் எடுத்து வைத்துப் புளிக்கவிட்டு, அதைப் புது மாவில் சேர்த்து, மடித்து மடித்துத் தட்டி அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் என்று இப்போது எல்லாக் கடையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பாக்கெட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோய்த் தின்கிறவர்கள் வர்க்கியைத் தின்னவே இல்லை. சூடாக, டீயில் நனைத்து, நனைந்த பாதி கிளாசுக்குள் உதிர்ந்து விழுவதற்குள் வாயில் போட வேண்டும். டீயும் வர்க்கியும் ஐந்நூறுக்குள் அடக்கம்.

இதுவரை குறையே இல்லை. ரயில் நிலையம் பக்கம் வந்ததும் தம்பிக்கு என்ன ஆனதோ, திடீரென்று எல்லாரையும் போலப் பேச ஆரம்பித்துவிட்டார். 1908இல் ரயில் வந்தது, ஸ்டீபன் சர்ச் உத்தரத்துக்குத் திப்பு சுல்தான் அரண்மனை மரம், மறுபடியும் சல்லிவன், மறுபடியும் சல்லிவன். அரைமணி நேரம். இதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. ஸ்னூக்கர் ஊட்டியில் பிறந்தது என்றும் சொன்னார். பிறந்தது ஜபல்பூரில், 1875இல். விதிகளை எழுதி ஒட்டியதுதான் ஊட்டி கிளப்பில், 1882இல்.

அந்த அரைமணி நேரத்தில் பெரும்பங்கு கடைசியில் காந்தலிலிருந்துதான் கழிந்தது. அழைப்பில் முக்கால் மணி என்று இருந்த காந்தலுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். நடையின் தலைப்பே ‘மறக்கப்பட்ட ஊட்டி’, அந்த மறக்கப்பட்ட ஊட்டியை ஓட்டமாக ஓடிக் கடந்தோம். இயேசு அறையப்பட்ட சிலுவையின் துண்டு என்று போற்றப்படும் அருளிக்கம் இருக்கும் குருசடி, அதற்காக மே மாதத் திருவிழாவில் கூடும் கூட்டம், காசி விசுவநாதர் கோவில், பள்ளிவாசல், எல்லாம் சேர்த்து ‘மூன்று மதமும் ஒற்றுமையாக வாழும் இடம்’ என்று ஒரே வாக்கியம். இங்கே தண்ணீர் வராத நாளில் குழாயடியில் நடக்கும் ஒற்றுமையை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஒரு விஷயம் கோபமாகவே வந்தது. குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சென்னைக்காரர் கேட்காமல் கொள்ளாமல் படம் எடுத்தார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. மார்க்கெட்டில் அத்தனை மரியாதையாக நடந்தவர், இங்கே விட்டுவிட்டார். நான்தான் சொன்னேன். சென்னைக்காரர் செல்போனைப் பைக்குள் போட்டார், ஆனால் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அப்போது பார்த்து எங்கள் தெரு மாமி ஒருவர், “ஏய், நீ வசந்தாக்கா பொண்ணுதானே? இந்தக் கூட்டத்தோட எதுக்கு நிக்கிற?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். காசு கொடுத்து வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்ல? மறக்கப்பட்ட ஊட்டி பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். “யாரு மறந்தா? ஓட்டுக் கேக்க மறக்காம வர்றாங்களே” என்றார். நடையிலேயே சிறந்த வரி அதுதான். பதினான்கு பேரும் சிரித்தார்கள், தம்பியும்.

காந்தல் முக்கோணம் சந்திப்பில் நடை முடிந்ததும் தம்பியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினீர்களே, இலங்கையிலிருந்து வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, நீலகிரி ஏறிய மலையகத் தமிழர் எத்தனை குடும்பம்? அவர்களுக்கு வேலை கொடுக்கத்தானே அரசே தேயிலைத் தோட்டம் போட்டு டான்டீ நடத்தியது? என் அப்பாவும் அம்மாவும் அப்படி வந்தவர்கள்தான். எங்கள் தெருவில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தேங்காய் ரொட்டியும் சம்பலும் செய்யும் வீடுகள் இருக்கின்றன. நீங்கள் அந்த வாசல் வழியாகத்தான் வந்தீர்கள்.

அவர் சமாளிக்கவில்லை. “எனக்குத் தெரியாதுங்கக்கா. சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்று சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். கூட்டம் கலைந்த பிறகும் கால்மணி நேரம் நின்று எழுதினார். அதற்காகத்தான் அரை மதிப்பெண் கூட்டிப் போடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். வழியில் உருப்படியான கழிப்பறை கிடையாது, வீட்டிலோ ரூமிலோ முடித்துவிட்டுக் கிளம்புங்கள். மார்க்கெட் தரை வழுக்கும், ஷூ போடுங்கள். ஜனவரியில் காந்தல் மைதானப் புல்லில் உப்புத் தூவியது போல உறைபனி கிடக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மார்க்கெட்டும் வர்க்கியும் மட்டும் பார்த்துவிட்டு ஏ.டி.சி.க்கே திரும்பிவிடலாம், அவ்வளவு தூரம் சமதரைதான். எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதல் நாளே கேட்டு, பத்துக்கு மேல் என்றால் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நோட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். “அந்தப் பையனுக்கு போன் போடு. அடுத்த வாரம் கூட்டத்த நம்ம வீட்டு வழியாக் கூட்டிட்டு வரச் சொல்லு. தலைக்கு ஒரு ரொட்டி, முப்பது ரூவா.”