ஜமராத் பாலம்: கட்டடத்துக்கு முழு மதிப்பெண், தெருக்களுக்கு இல்லை

மக்காவுக்கு அருகே மினாவில், ஹஜ் சடங்காக ஹாஜிகள் சைத்தானின் அடையாளங்கள்மேல் கல்லெறியும் ஜமராத் பாலத்தைக் கூட்டத்தைக் கையாளும் ஒரு சேவையாக எடைபோட்டால், கட்டடத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. அங்கே கொண்டு சேர்க்கும் தெருக்கள்தான் பலவீனம்.

2006 ஜனவரியில், ஹஜ் மாதத்தின் பிறை 12 அன்று, பழைய பாலத்தின் கிழக்கு வாசலில் 340-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நண்பகலில் சூரியன் உச்சி சாய்ந்த பிறகே எறிய வேண்டும் என்று பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் வந்தது. ஊர் திரும்பும் அவசரத்தில் பலர் மூட்டை முடிச்சோடு வந்திருந்தார்கள். பீதியில் மிதித்துக்கொண்டார்கள் என்றுதான் செய்திகள் சொல்லும். கூட்டத்தில் சேர்ந்தவன் புத்தியை இழக்கிறான் என்று பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ போன் 1895-இல் எழுதியது இன்னும் நம்மை விடவில்லை. 2006 நெரிசலின் வீடியோவை ஆராய்ந்த, கூட்ட நகர்வு ஆய்வாளர் டிர்க் ஹெல்பிங்கின் குழு கண்டது வேறு: கூட்டம் முதலில் நின்று நின்று நகர்ந்தது, பிறகு எல்லாத் திசையிலும் அலையலையாகத் தள்ளப்பட்டது. சதுர மீட்டருக்கு 6, 7 பேரைத் தாண்டினால் காலை எங்கே வைப்பது என்பது நம் கையில் இல்லை. மார்பு அழுந்தி, நின்றபடியே மூச்சு முட்டிச் சாகிறார்கள். பின்னால் நெருக்குபவருக்கு அது தெரிவதே இல்லை.

புதிய பாலம் இதைச் சரியாகவே புரிந்துகொண்டு கட்டப்பட்டது. ஐந்து தளம், ஒருவழிப் பாதை, மணிக்கு 3 லட்சம் பேர். கல்லெறியும் இலக்காக இருந்து, சுற்றி மொய்க்க வைத்த தூண்கள் 2004-இலேயே நீண்ட சுவர்களாகிவிட்டன. எந்த டென்டில் தங்குபவர்களுக்கு எந்த நேரம் என்று அட்டவணையும் உண்டு.

ஆனால் 2015 செப்டம்பர் 24 அன்று, பாலத்தை எட்டுவதற்கு முன்பே, 204, 223-ஆம் தெருக்கள் கூடும் இடத்தில் நெரிசல் வந்தது. சவுதி அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 769 பேர். நாடுகள் அறிவித்ததைக் கூட்டிய ஏபி செய்தி நிறுவனத்தின் கணக்கு 2,400-ஐத் தாண்டியது. இவ்வளவு இடைவெளியை ஏற்கவே முடியாது.

ஹாஜிகள்மேல் பழிபோடுவதும் தவறு. ஹானி அல்னபுல்சியும் ஜான் ட்ரூரியும் 1,194 ஹாஜிகளிடம் கேட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டத்தைத் தம்மவராக உணர்ந்தவர்கள் நெருக்கம் கூடியபோதும் பாதுகாப்பாகவே உணர்ந்தார்கள்.

போகிறவர்களுக்கு: அட்டவணை நேரத்தை மீறாதீர்கள். பை வேண்டாம். சுவரின் முதல் முனையில்தான் எல்லோரும் குவிவார்கள், தள்ளிப் போய் எறியுங்கள். கல்லோ செருப்போ விழுந்தால் குனியாதீர்கள். எறிந்தபின் வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கியே வெளியேறுங்கள். நெருக்கினால் இரு கைகளையும் மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, தள்ளல் தணியும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள்.