லண்டனிலிருந்து கலிபோர்னியாவுக்கு: குயின் மேரி 2 கப்பலும் ஜெஃபைர் ரயிலும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு, கூத்து, துறைக்குத் துறை இறங்கி ஊர் பார்ப்பது என்று எதிர்பார்த்து குயின் மேரி 2 கப்பலில் ஏறினால் பாதி வழியிலேயே சலித்துவிடும். அந்தக் கப்பல் அதற்காகக் கட்டப்பட்டதில்லை. ஓர் ஊரில் புறப்பட்டு, சொன்ன நாளில் இன்னோர் ஊர் போய்ச் சேர்வதையே பெரிய சந்தோஷமாக நினைக்கிறவர்களுக்கு, அதுவும் தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை சேர்ந்து போகிற குடும்பத்துக்கு, இதைவிட நல்ல கோடைப் பயணம் எனக்குத் தெரிந்து இல்லை. நியூயார்க்கில் இறங்கி அமெரிக்காவின் குறுக்கே ரயிலில் போவதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வேலைக்கு இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர். மகள் குடும்பம் லண்டனில், மகன் கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோ ஊரில். இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களுக்கு ஜூலை கடைசியில்தான் கோடை விடுமுறை தொடங்கும். அந்த விடுமுறையில் நானும் என் மனைவியும், மகள், மாப்பிள்ளை, பேரன், பேத்தி எல்லோருமாக மகன் வீட்டுக்குக் கிளம்பினோம். கப்பலில் போகலாம் என்ற யோசனை மாப்பிள்ளையுடையது. ரயிலைச் சேர்த்தது நான்.

எங்கள் கடலூர் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரையோரம் வந்து நின்றதில்லை. தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். சின்ன வயதிலிருந்து கப்பல் என்றால் எனக்கு அடிவானத்தில் ஒரு கோடுதான். சவுத்தாம்ப்டன் துறையில் குயின் மேரியின் பக்கத்தில் போய் நின்றபோது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். நீளம் 345 மீட்டர். நம் ஊர் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஓடும் எல்எச்பி ரயில் பெட்டிகள் பதினான்கைக் கோத்து நிறுத்தினால் அந்த நீளம் வரும். பிரான்சில் செயின்ட் நசேர் கப்பல் பட்டறையில் கட்டி, 2004 ஜனவரியில் முதல் பயணம் விட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் கால அட்டவணை போட்டு அட்லாண்டிக் கடலைத் தொடர்ந்து கடக்கிற பயணிகள் கப்பல் இது ஒன்றுதான். சுற்றுலாக் கப்பல்களைவிட இதன் உடம்பு கனமானது, மூக்கு நீண்டு கூர்மையானது, வேகமும் அதிகம். தேவைப்பட்டால் மணிக்கு 55 கிலோமீட்டர் வரை போகும். வட அட்லாண்டிக் அலையை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக அப்படி.

என் பெரியப்பா ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்த கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ராஜுலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985-ல் அதில் தீ விபத்து நடந்தது, அதோடு நம் கரையிலிருந்து சிங்கப்பூருக்குப் பயணிகள் கப்பல் நின்றேபோயிற்று. தஞ்சாவூர், நாகை, கடலூர் பக்கம் எத்தனை குடும்பங்கள் அந்தக் கப்பல்களால் பிழைத்தன! அதனால்தான் இந்த மாதிரி ஒரு கப்பல் இன்னும் ஓடுகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கப்பலில் எனக்கு மிகவும் பிடித்தது கடிகாரம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். ஏழு இரவுப் பயணத்தில் ஐந்து இரவு, ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். ஆக, நாளுக்கு 25 மணி நேரம். விமானத்தில் போனால் உடம்பு நான்கைந்து நாள் ராத்திரி பகல் தெரியாமல் தவிக்குமே, அது கொஞ்சமும் இல்லை. என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையும் சாப்பாடும் வேளை தவறக் கூடாது. நியூயார்க்கில் இறங்கிய அன்றே அவள் எப்போதும் போல மணி பார்த்துச் சாப்பிட்டு, மணி பார்த்துத் தூங்கினாள். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கப்பலை யோசிக்கலாம். ஆனால் மேற்கே போகும்போதுதான் இந்த வசதி. கிழக்கே திரும்பி வந்தால் நாள் 23 மணி நேரமாகச் சுருங்கும். நாங்கள் திரும்பி வந்தது விமானத்தில்.

தினமும் உச்சிவேளையில் ஒலிபெருக்கியில் கப்பல் எங்கே இருக்கிறது, கடல் எவ்வளவு ஆழம், காற்று எந்தத் திசை என்று சொல்வார்கள். பேரன் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு புள்ளி வைத்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு நாளும் புள்ளி ஒரு விரற்கடை நகரும். "தாத்தா, இன்னிக்கு இவ்ளோதான் போயிருக்கோமா?" என்பான். பூமி எத்தனை பெரிசு என்பது அவனுக்கு அப்படித்தான் புரிந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படம் பார்க்கிற விமானத்தில் இது கிடைக்காது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குத் தெற்கே வரும்போது பனிமூட்டம் கவிந்துகொண்டது. குளிர் நீரோட்டமும் வெந்நீரோட்டமும் சந்திக்கிற இடம் அது, கோடையில்தான் அங்கே மூட்டம் அதிகம். மூட்டத்தில் ஓடுகிற கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது நீளமாக ஊத வேண்டும் என்பது கடல் விதி. நாங்கள் ரயில்வேயில் மூட்டம் வந்தால் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் வெடி வைப்போம். சக்கரம் ஏறியதும் அது வெடித்து, சிக்னல் நெருங்கிவிட்டது என்று டிரைவருக்குச் சொல்லும். அதை நான் விளக்கிச் சொல்ல, பேத்தி மேல்தளத்தில் என் சால்வைக்குள் புகுந்துகொண்டு ஒவ்வொரு ஊதலுக்கும் எண்ணிக்கொண்டிருந்தாள். இந்தக் கப்பலின் ஊதல்களில் ஒன்று 1930-களில் ஓடிய பழைய குயின் மேரியிலிருந்து கொண்டுவந்து பொருத்தியது. பத்து மைலுக்குக் கேட்கும் என்கிறார்கள். நெஞ்செலும்பில் அதிர்கிறது.

பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டுக் கூடம், பார்த்துக்கொள்ள ஆள், நட்சத்திரங்களைக் காட்டும் கோளரங்கம், பெரிய நூலகம் எல்லாம் உண்டு. நாய் பூனைகளுக்குக்கூட இடம் இருக்கிறது. பேத்தி பாதி நேரம் அந்தக் கூண்டுப் பக்கம்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே பரிமாறும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பருப்பு, காய்கறிக் குழம்பு என்று செய்து தருகிறார்கள். காரம் குறைவு. நாங்கள் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோயிருந்தோம். சில இரவுகளில் உடை விஷயத்தில் கண்டிப்பு உண்டு, ஆண்கள் கோட்டு அணிய வேண்டும். என் மனைவி காஞ்சிபுரம் பட்டில் வந்தாள், அந்தக் கூடத்தில் அவளுக்குத்தான் மரியாதை அதிகம்.

அறை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கீழ்த்தளங்களில் பால்கனி அறைகளின் முன்பக்கம் இரும்புச் சுவர் பாதி உயரத்துக்கு இருக்கும். காற்றுக்கும் அலைக்கும் நல்ல பாதுகாப்பு, ஆனால் உட்கார்ந்தால் கடல் தெரியாது. சில அறைகளின் ஜன்னலை உயிர்காப்புப் படகுகள் மறைக்கும். அறை எண்ணைத் தளப் படத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இணையத்துக்குத் தனிக் காசு. நாள் கணக்கில் சேவைக் கட்டணம் வேறு ஏறும், டிக்கெட் எடுக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தோடு ஒப்பிட்டால் செலவு கூடுதல்தான். ஏழு இரவு தங்குவதும் சாப்பாடும் அதில் அடக்கம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் கையில் அமெரிக்க விசா இல்லாமல் சவுத்தாம்ப்டனில் ஏற முடியாது.

நியூயார்க்கை விடியற்காலையில் அடையும். தூங்கிவிடாதீர்கள். துறைமுகத்தின் நுழைவில் இருக்கும் வெரசானோ பாலத்தின் அடியில் புகைபோக்கி நுழையும்போது இடைவெளி சில மீட்டர்தான். பாலம் தலையில் இடித்துவிடும் என்றே தோன்றும். இந்தப் பாலத்தை மனதில் வைத்துத்தான் புகைபோக்கியின் உயரத்தையே குறைத்துக் கட்டினார்களாம்.

நியூயார்க்கிலிருந்து சிகாகோ வரை லேக் ஷோர் லிமிடெட் வண்டி. ஓர் இரவு. ஹட்சன் ஆற்றை ஒட்டி ஓடும் முதல் சில மணி நேரம் அழகு, இடது பக்கம் உட்காருங்கள். மற்றபடி தூங்கி எழுவதற்கான வண்டிதான்.

கலிபோர்னியா ஜெஃபைர் வேறு விஷயம். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் எமெரிவில் வரை 3,924 கிலோமீட்டர், ஏழு மாநிலம், இரண்டு இரவு. நம் திப்ருகர் – கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் இதைவிட நீளமான ஓட்டம். ஆனால் இந்த வண்டி ஏறுகிற ஏற்றம் நம்மிடம் எந்த நீண்ட தூர வண்டிக்கும் கிடையாது. முதல் நாள் சாயங்காலம் மிசிசிப்பி ஆறு. மறுநாள் காலை டென்வர். அங்கிருந்து மலை. வளைவு வளைவாக, சுரங்கம் சுரங்கமாக ஏறுகிறது. ஒரு பெரிய வளைவில் பழைய கூட்ஸ் வேகன்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். கைவிடப்பட்ட வண்டி இல்லை. மலையிலிருந்து இறங்கும் காற்று ஓடுகிற வண்டியைக் கவிழ்த்துவிடும் என்பதால், வேகன்களில் மணலை நிரப்பி நிரந்தரமாகக் காற்றுத் தடுப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டை என் பணிக்காலத்தில் கேள்விப்பட்டதே இல்லை. அந்த யோசனை யாருக்கு வந்ததோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

மேலே 1928-ல் திறந்த மொஃபாட் சுரங்கம். பத்து கிலோமீட்டர் நீளம், கடல் மட்டத்துக்கு 2,800 மீட்டர் உயரத்தில். உள்ளே இருக்கும்போது பெட்டிக்குப் பெட்டி நடக்க வேண்டாம் என்கிறார்கள், கதவு திறந்தால் புகை வந்துவிடும். அதைத் தாண்டியதும் கொலராடோ ஆறு கூடச் சேர்ந்துகொள்கிறது. ஏறக்குறைய 380 கிலோமீட்டர் அந்த ஆறு வண்டியை விடுவதில்லை. செங்குத்துப் பாறை, கீழே ஆறு, நடுவில் ஒற்றைத் தண்டவாளம். எல்லோரும் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பெட்டியில் கூரை வரை வளைந்த கண்ணாடி. அங்கே போய் உட்கார்ந்தவள் என் மனைவி, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. மூன்றாம் நாள் சியரா நெவாடா மலை. அமெரிக்காவின் குறுக்கே போட்டு 1869-ல் முடிந்த முதல் ரயில் பாதையின் தடம் அது. அந்தக் கருங்கல்லைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளிகள். பனியில் புதைந்தவர்கள் எத்தனையோ பேர். ஜன்னலோரம் பிள்ளைகளை உட்கார வைத்து அதைச் சொன்னேன். ரயில் பாதை எதுவும் சும்மா வந்துவிடுவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாமதம் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே தண்டவாளம் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளுக்குச் சொந்தம். பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை என்று சட்டம் இருக்கிறது. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கூட்ஸ் வண்டி, ஒதுங்கி நிற்பதற்கான எந்த லூப் லைனில் அடங்கும்? அது ஒதுங்க முடியாது, ஆகவே பயணிகள் வண்டிதான் ஒதுங்க வேண்டியிருக்கும். ஒற்றைப் பாதையில் ஒரு வண்டியை ஒதுக்கி இன்னொன்றுக்கு வழிவிட்டு, கிராசிங் போட்டுப் பழகிய எவருக்கும் இது உடனே புரியும். சேர்ந்த அன்றே விமானமோ வேறு வண்டியோ பிடிக்கிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள். அந்த நீளமான கூட்ஸ் வண்டிகளின் கடைசியில் கார்டு பெட்டியே கிடையாது, ஒரு சிறிய மின்னணுக் கருவி தொங்குகிறது. இங்கேயும் அது வந்துகொண்டிருக்கிறது. பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

படுக்கை அறை எடுத்தால் சாப்பாடு அதில் சேர்த்தி. இரட்டை அடுக்குப் பெட்டியில் கீழ்த்தளத்தில் குடும்ப அறை ஒன்று இருக்கிறது, இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை படுக்கலாம். மகள் குடும்பத்துக்கு அது சரியாக இருந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்திலேயே சிறு அறை கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குப் பெட்டி போகும் வழி மேல்தளத்தில் மட்டும்தான், படி குறுகல். ஏற முடியாதவர்களுக்குப் பணியாளரே சாப்பாட்டுத் தட்டை அறைக்குக் கொண்டுவருவார். வெறும் உட்காரும் இருக்கையில் இரண்டு இரவு போவதை அறுபது தாண்டியவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். படுக்கை அறைக் கட்டணம் நாள் நெருங்க நெருங்கக் கூடும். கப்பல் உறுதியான அன்றே ரயிலையும் போட்டுவிடுங்கள். நடுவில் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் ஒவ்வோர் இரவாவது விடுங்கள்.

சேக்ரமெண்டோவில் இறங்குகிறவர்கள் வீட்டுக்கு ஓடாமல், ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கும் மாநில ரயில் அருங்காட்சியகத்துக்கு மறுநாள் ஒரு பகல் ஒதுக்குங்கள். வண்டியிலிருந்து பார்த்த மலைப்பாதையை எப்படிப் போட்டார்கள் என்பதும், அதில் ஓடிய நீராவி இன்ஜின்களும் அங்கே இருக்கின்றன. நாங்கள் போனபோது பேரன் வரைபடத்தைக் கையோடு எடுத்துவந்திருந்தான்.