மாமனார் வீட்டு கிளான் சங்கத்தில் ஒரு வருடம்: 35 பவுண்டுக்கு என்ன கிடைத்தது?

கிளாஸ்கோவில் குடியேறி ஒன்பது வருடமாகிறது. மனைவி ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாடான ஹைலாண்ட்ஸ் பக்கத்துப் பெண். போன வருடம் மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல், அவர் குடும்பப் பெயருக்கு உரிய கிளான் (ஒரே பெயரும் ஒரு தலைவரும் கொண்ட ஸ்காட்லாந்துக் குலம்) சங்கத்தில் 35 பவுண்டு கட்டி மொத்தக் குடும்பத்தையும் சேர்த்துவிட்டேன். சங்கத்தின் பெயரைச் சொல்லவில்லை, நல்ல மனிதர்கள், குறையும் சொல்லப் போகிறேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

முதலில் வந்தது ஒரு உறை. சான்றிதழ், பழைய இதழ் ஒன்று, தொப்பியில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். பேட்ஜின் ஊசி வளைந்திருந்தது, மாற்றிக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை. நடுவில் இருக்கும் சின்னம் கிளான் தலைவருடையது, அதைச் சுற்றி கொக்கியோடு கூடிய பெல்ட் வடிவம் போட்டால்தான் மற்றவர்கள் அணியலாம். தலைவர் என்றால் தொப்பியில் மூன்று கழுகு இறகு. இதெல்லாம் எடின்பரோவில் லார்ட் லயன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் வருகிறது, அதற்கென்று தனி நீதிமன்றமே உண்டு. நம்ம ஊர் சாதிச் சங்க லெட்டர்பேடு மாதிரி ஆளாளுக்கு அச்சடித்துக்கொள்ள முடியாது.

சந்தாவுக்கு உண்மையான பலன் வேறு இடத்தில் இருந்தது. உறுப்பினர்களின் பூர்விகம் தேட உதவ ஒரு தன்னார்வலர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவருக்கு எழுதி ஏழு வாரம் கழித்துத்தான் பதில் வந்தது, அதற்குள் நானே ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுப் பதிவேட்டு இணையதளத்தில் ஒரு பதிவுக்கு ஒன்றரை பவுண்டு வீதம் நாற்பது பவுண்டு வரை செலவழித்து, அதே பெயருள்ள யாரோ ஒருவருடைய குடும்பத்தை முழுவதுமாகத் தெரிந்துகொண்டிருந்தேன். ஆசிரியை அனுப்பியதோ 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரே ஒரு பக்கம். மாமனாரின் கொள்ளுத் தாத்தா, மனைவி, ஐந்து பிள்ளைகள். ஓரத்துக் கட்டத்தில் ‘ஜி அண்டு இ’ என்று கிறுக்கியிருந்தது, அதாவது ஹைலாண்ட்ஸின் பழைய மொழியான கேலிக்கும் ஆங்கிலமும் பேசுவார்கள். கடைசிக் குழந்தைக்கு நேரே அந்தக் கட்டம் காலி.

1855 முதல்தான் இங்கே பிறப்பு, இறப்புப் பதிவு சட்டப்படி கட்டாயம். அதற்கு முந்தையது தேவாலயப் பதிவேடு, பாதி இருக்கும் பாதி இருக்காது. அந்தச் சுவரைத் தாண்ட அவர் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஸ்காட்லாந்து வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர். மூத்த பையன் பெயரைக் கொண்டு தாத்தா பெயரை ஊகித்து, அதை வைத்து 1840களின் ஒரு கல்யாணப் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். பேரன் என்பது ‘பெயரன்’தான் என்று அவருக்கு எழுதினேன். அதற்கு மட்டும் மறுநாளே பதில் வந்தது!

இன்னொன்றுக்காகவும் அவரைப் பாராட்ட வேண்டும். சங்கத்தின் துண்டுப் பிரசுரம் நாமெல்லாம் ஒரே ரத்தம் என்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை: தலைவரின் நிலத்தில் குடியிருந்த எத்தனையோ பேர் அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள், பெயர் ஒன்று என்பதால் உறவு என்று ஆகிவிடாது என்று நேராக எழுதினார்.

ஆகஸ்ட் கூடுகைக்கும் போனோம். விருந்துக்குத் தனியாக 55 பவுண்டு, இதைச் சேரும்போதே சொல்லியிருக்கலாம். ஆட்டுக் குடல், ஈரலில் செய்யும் ஹாகிஸ் பரவாயில்லை. பொதுக்குழுவில் ஒரு விதித் திருத்தத்துக்கு இரண்டு மணி நேரம், நான் தூங்கிவிட்டேன். மறுநாள், அந்தக் காலத்தில் நிலச்சொந்தக்காரர்கள் ஆட்களை விரட்டிக் காலி செய்த ஒரு பழைய குடியிருப்புக்குப் பேருந்தில் அழைத்துப் போனார்கள். இடுப்பு உயரக் கற்சுவர்கள், உள்ளே ஆளுயரத்துக்குக் காஞ்சொறி மாதிரி ஒரு செடி. மனிதர்கள் வாழ்ந்து குப்பை கொட்டிய மண்ணில்தான் அது அப்படித் தழைக்குமாம். கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார், டிரைவரும் ஹாரன் அடிக்கவில்லை.

மென்சீஸ் கிளான் சங்கம் 1957இல் பாழடைந்த கோட்டையையே வாங்கிச் செப்பனிட்டது, மக்ஃபர்சன்களுக்கு நியூட்டன்மோரில் சொந்த அருங்காட்சியகம் உண்டு. நாங்கள் சேர்ந்த சங்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை, நாலைந்து வயதானவர்களின் சாப்பாட்டு மேசையில்தான் எல்லாமே ஓடுகிறது. பேட்ஜுக்கும் சான்றிதழுக்கும் ஆசைப்பட்டுச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். கையில் ஒரு கேள்வியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சேரலாம்.

இந்த வருடமும் சந்தா கட்டிவிட்டோம். அடுத்த கட்டமாக ஆண் வழி டிஎன்ஏ சோதனை செய்யச் சொன்னார்கள், கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து அனுப்பினால் போதும். பெட்டி வந்து மூன்று மாதமாகச் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது. “எங்கப்பா யாருன்னு எனக்குத் தெரியும்” என்கிறார் மாமனார்.