கொழுந்துக் கணக்கு உலாவிக்குப் போகும்போது: டைப்களைக் கடத்தும் வழிகளில் எது தேறும்?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவருக்கு அன்று முழுப் பேரா அரைப் பேரா (முழு நாள் கூலியா, பாதியா) என்பதைப் பெரும்பாலும் கொழுந்தின் நிறைதான் முடிவு செய்கிறது. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது, மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு சேர்ப்பது என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எழும் கேள்வி ஒவ்வொன்றும் கூலியைப் பற்றிய கேள்வி. இந்தக் கணக்கைத் தொலைபேசி உலாவியில் செய்யும் நிரலை எழுதுகிறவர் முதலில் பயப்பட வேண்டியது சத்தமில்லாமல் மாறிப்போகும் எண்ணுக்கு.

கணக்குப் பகுதியை ரஸ்ட் அல்லது சி++ மொழியில் எழுதி, உலாவிக்குள் ஓடக்கூடிய வெப்அசெம்பிளி என்ற வடிவமாகக் கம்பைல் செய்வதில் நியாயம் இருக்கிறது. அலுவலகக் கணினியில் ஓடும் அதே கணக்கு, மஸ்கெலியா மலைச்சரிவில் சிக்னல் இல்லாத இடத்திலும் ஒரு எழுத்து மாறாமல் ஓடும். திரையை உலாவியின் சொந்த மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். சிக்கல் இரண்டும் சந்திக்கிற எல்லையில்தான். 2019 டிசம்பரில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்த வெப்அசெம்பிளியின் முதல் பதிப்பில் மதிப்பு வகைகள், அதாவது டைப்கள், நான்கே: ஐ32, ஐ64 (32, 64 பிட் முழு எண்கள்), எஃப்32, எஃப்64 (அதே அளவுகளில் தசம எண்கள்). பெயர், திகதி, பட்டியல் என்று நமக்கு வேண்டிய மற்ற எல்லாவற்றையும் யாராவது இந்த எண்களாக உடைத்து, மறுபக்கத்தில் ஒட்ட வேண்டும். அதை யார் செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. எந்த வழியில் பிழை வாய் திறந்து பேசுகிறது என்பதை வைத்தே நான் தரம் பிரிக்கிறேன்.

கையால் கடத்துவது

கருவி எதுவும் இல்லாமல், ஏற்றுமதி செய்த ஃபங்ஷனை நேரடியாக அழைப்பது. கோப்பு மிகச் சிறியதாக இருக்கும். டேட்டாவுக்குக் காசு பார்க்கிற இடத்தில் இது அற்பமல்ல. ஆனால் எல்லையில் நடப்பதைப் பாருங்கள். நிறையைக் கிராமில் முழு எண்ணாக எதிர்பார்க்கும் ஐ32 ஃபங்ஷனுக்கு, திரையை எழுதியவர் கிலோ என்று நினைத்து 18.4 அனுப்பினால், உள்ளே போவது 18. தசமம் வெட்டுப்படும், எச்சரிக்கை வராது. மதிப்பே இல்லாமல் அழைத்தால் 0 போகும். தேசிய அடையாள அட்டையின் புதிய இலக்கம் 12 இலக்கம் கொண்டது. அதை எண்ணாக அனுப்பினால் இன்னும் மோசம். உதாரணத்துக்கு 200000000000 என்ற எண்ணை ஐ32க்குள் அனுப்புங்கள்: கம்பைல் செய்த பக்கத்துக்குக் கிடைப்பது -1863462912. 32 பிட்டுக்குள் அடங்காத பகுதி வெட்டி எறியப்பட்டுவிடும். இந்தக் கூட்டத்தில் ஐ64 ஒன்றுதான் எதிர்த்துப் பேசும்: பிக்இன்ட் (ஜாவாஸ்கிரிப்டின் பெரிய முழு எண் வகை) அல்லாத சாதாரண எண்ணைக் கொடுத்தால் டைப் பிழை எறியும்.

எஃப்32 என்றால் வேறு தொல்லை. 18.4ஐ அதில் வைத்துத் திருப்பி எடுத்தால் ஜாவாஸ்கிரிப்டில் 18.399999618530273 என்று தெரியும். நிறையைக் கிராமாகவும் பணத்தைச் சதமாகவும் முழு எண்ணில் வைப்பதே சரி. எந்த வழியைத் தேர்ந்தாலும் இது மாறாது.

ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வந்தால் கைவழி களைத்துவிடும். ‘கொழுந்து’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் அதன் நீளம் 8. ரஸ்ட் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் 24 பைட். நீளம் 8 என்று நம்பி இடம் ஒதுக்கிப் பிரதி எடுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும்: ‘கொழு’ என்று கூட முடியாமல் ‘கொ’வுக்குப் பின் ழகரத்தின் மூன்று பைட்டில் இரண்டோடு எழுத்து உடைந்து நின்றுவிடும். ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுச் சோதித்தவருக்கு இது தெரியவே வராது, ஏனென்றால் அங்கே நீளமும் பைட்டும் ஒன்றே. தொழிலாளியின் பெயர் தமிழில் சரியாகப் பதிய வேண்டும் என்பது என்னைப் பொறுத்தவரை நிரலின் அடிப்படைக் கடமை. போதாததற்கு, கம்பைல் செய்த பக்கம் நினைவகத்தை வளர்த்தால், நீங்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த பைட் வரிசையின் நீளம் 0 ஆகிவிடும். படச் செயலாக்கம் போல எண் வரிசைகளை மட்டும் கடத்தும் வேலைக்குக் கைவழி பொருந்தும். பெயரும் கூலியும் உள்ள பதிவேட்டுக்கு வேண்டாம்.

எம்ஸ்கிரிப்டனும் எம்பைண்டும்

எம்ஸ்கிரிப்டன் சி, சி++ நிரலை வெப்அசெம்பிளியாக்கும் கருவி; எம்பைண்ட் அதில் எல்லை கடத்தலைக் கவனிக்கும் பகுதி. கணக்கு ஏற்கெனவே சி++இல் இருந்தால் இதுதான் வழி. எம்ஸ்கிரிப்டனிலேயே உள்ள சிராப் என்ற எளிய வழியில், அழைக்கும் பக்கத்தில் ‘நம்பர்’, ‘ஸ்ட்ரிங்’ என்று நாமே எழுதித் தர வேண்டும். சி பக்கத்தில் டைப் மாறினால் அந்த எழுத்து பழையபடியே கிடக்கும். எம்பைண்ட் அப்படியில்லை. அசெர்ஷன் (ஓடும்போது செய்யும் கூடுதல் சோதனை) இயக்கிய பில்டில் தவறான டைப்பையும் குறைவான ஆர்க்யூமென்ட்களையும் ஓடும்போதே மறுக்கும். அதே பில்டில் அளவு மீறிய எண்ணையும் மறுக்கும். டைப் சரிபார்ப்புச் சேர்த்த ஜாவாஸ்கிரிப்டான டைப்ஸ்கிரிப்டுக்கு வரையறைக் கோப்பும் தரும். விலை: கோப்பு பெருக்கும், சி++ பொருள்களை வேலை முடிந்ததும் நாமே டிலீட் செய்ய வேண்டும். மறந்தால் நினைவகம் நிரம்பும். நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் பக்கத்தில் அது உறைக்கும்.

வாஸ்ம்-பைண்ட்ஜென்

ரஸ்ட் எழுதுகிறவர்கள் இயல்பாகவே வந்து சேரும் இடம். ஃபங்ஷனுக்கு மேலே ஒரு குறிப்பு போட்டால் போதும்; இரு பக்கமும் பேசிக்கொள்ளும் ஜாவாஸ்கிரிப்டை அது எழுதும், டைப்ஸ்கிரிப்ட் வரையறையையும் எழுதும். ஸ்ட்ரிங்கின் பைட் நீளம் அதன் பொறுப்பு. நினைவகம் வளர்ந்தால் மேலே சொன்ன பைட் வரிசையைப் புதுப்பிப்பதும் அதன் பொறுப்பு. ரஸ்டின் ஆப்ஷனில் மதிப்பு இல்லாதபோது அன்டிஃபைன்ட் ஆகும், ரிசல்ட்டின் பிழை எக்செப்ஷனாக எறியப்படும், யூ64 (எதிர்மறை இல்லாத 64 பிட் முழு எண்) பிக்இன்ட் ஆகும். டைப் ஒரே இடத்தில், ரஸ்டில், எழுதப்படுகிறது என்பதற்காகவே இதை விரும்புகிறேன்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. யூ32, ஐ32, எஃப்64 மூன்றும் டைப்ஸ்கிரிப்டில் ‘நம்பர்’ என்ற ஒரே பெயரில் வருகின்றன. ஆகவே மேலே சொன்ன 18.4 இங்கேயும் 18 ஆகலாம். டைப்ஸ்கிரிப்ட் குறை சொல்லாது. டைப்ஸ்கிரிப்ட் இல்லாமல் வெறும் ஜாவாஸ்கிரிப்டில் அழைத்தால் பாதுகாப்பில் பாதி போய்விடும்.

ஜேசன், சேர்டே

மெதுவானது என்று பலர் ஒதுக்குவது இதை. கூலிக் கணக்குக்கு நான் முதலில் தேர்ந்தெடுப்பதும் இதைத்தான். ஒரு நாள் பதிவேட்டை ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரே ஸ்ட்ரிங்காக வாஸ்ம்-பைண்ட்ஜென் வழியே அனுப்பி, ரஸ்ட் பக்கத்தில் சேர்டே என்ற நூலகத்தால் பிரித்தால், ஒவ்வொரு புலமும் பரிசோதிக்கப்படுகிறது. கிராம் யூ32 என்றிருக்கும்போது 18.4 வந்தால் ஏற்காது. 200000000000 வந்தாலும் ஏற்காது. நிறைப் புலமே இல்லாமல் வந்தால் அந்தப் புலத்தின் பெயரைச் சொல்லியே மறுக்கும். நேரடி எண்ணில் கிடைக்காத காவல் இது. ஒரு டிவிஷனின் அன்றாடப் பதிவு சில நூறு வரிகளுக்குள் அடங்குவதால், பிரிப்பதற்கு ஆகும் நேரத்தைப் பழைய தொலைபேசியிலும் யாரும் உணரமாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது திரும்பி வரும் பாதை. 9007199254740991க்கு மேற்பட்ட முழு எண்ணை ஜேசன் வழியே ஜாவாஸ்கிரிப்ட் வாங்கினால், அருகிலுள்ள எண்ணாக வாய் பேசாமல் மாறிவிடக்கூடும். சதக் கணக்கு அந்த உயரத்துக்குப் போகாது. பெரிய அடையாள எண்களை வைத்திருக்கிறவர்கள் அவற்றை ஸ்ட்ரிங்காகவே அனுப்பட்டும்.

மற்ற இரண்டு

அசெம்பிளிஸ்கிரிப்ட் பார்க்க டைப்ஸ்கிரிப்ட் போல இருக்கும். ஸ்ட்ரிங்கும் யூடிஎஃப்-16 என்பதால் ‘கொழுந்து’வின் நீளம் இரு பக்கமும் 8தான். ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்த குழுவுக்கு நல்ல நுழைவாயில். ஏற்கெனவே ரஸ்டிலோ சி++இலோ கணக்கு இருந்தால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும், அதனால் எனக்கு உதவவில்லை.

கம்போனென்ட் மாடல் என்ற வெப்அசெம்பிளித் திட்டமும் அதன் விட் என்ற ஒப்பந்த மொழியும் எண்ணத்தில் மிகச் சுத்தமானவை: ரெக்கார்ட், வேரியன்ட், ஆப்ஷன், ரிசல்ட் என்று ஒப்பந்தத்தை மொழி சாராமல் ஒரு கோப்பில் எழுதுகிறோம், எந்த மொழியும் அதைப் பின்பற்றலாம். உலாவிகள் அதை நேரடியாக இயக்குவதில்லை. ஜேகோ என்ற கருவியால் சாதாரண வெப்அசெம்பிளியாகவும் ஜாவாஸ்கிரிப்டாகவும் மாற்றித்தான் ஓட்ட வேண்டும். தோட்ட அலுவலகத்தில் ஒரு மொழி, தொழிற்சாலையில் இன்னொரு மொழி என்று நிரல்கள் பெருகும் இடத்தில் இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. ஒரே ஒரு ரஸ்ட் நிரலுக்கு இப்போதைக்கு வாஸ்ம்-பைண்ட்ஜென் போதும், பதிவேடு அதற்குள்ளே ஜேசனாகப் போகட்டும், அடையாள அட்டை இலக்கம் எப்போதும் ஸ்ட்ரிங்.