பவளத் தொட்டிக்கு வீட்டிலேயே நைட்ரேட், பாஸ்பேட் கரைசல்: எந்த உப்பு, எந்தக் கடை?

பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), நாலே மீன், புதுசாக வாங்கிப் போட்ட உலர் பாறை. இப்படி ஆரம்பித்த தொட்டிகளில் கொஞ்ச நாளில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சுழியைத் தொட்டுவிடுகின்றன. அப்புறம் பவளம் வெளிறும், வளர்ச்சி நிற்கும், மணலில் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) படரும். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிற நேரத்தில் பவளம் பட்டினி கிடக்கிறது. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் பெரும்பாலான பவளங்களுக்குப் போதும்.

மதுரையில் இருந்துகொண்டு இதைச் சரிசெய்ய சில வழிகள் உண்டு. ஆன்லைனில் வரும் ரெடிமேட் பாட்டில், லேப் கெமிக்கல் கடை, உரக்கடை, இல்லாவிட்டால் மீனுக்குக் கூடுதல் தீனி. எல்லாரும் விலையில் தொடங்குகிறார்கள். நான் பார்ப்பது வேறு: நைட்ரேட்டைப் பவளம் எடுத்துக்கொண்ட பிறகு தண்ணீரில் என்ன மிஞ்சுகிறது? உப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

தீனியைச் சட்டென்று முடித்துவிடலாம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்தே வருவதால் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான். ஆனால் சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அந்த நேரத்தில் மிச்சத் தீனி அழுகினால் மீனுக்கு மூச்சு முட்டும். கரண்ட்டும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். ரெடிமேட் பாட்டிலில் செறிவு துல்லியம், சுத்தம் நிச்சயம். 50 லிட்டர் நானோ தொட்டிக்கு அதுவே நல்லது. தொட்டி பெரிதாகப் பெரிதாகத் தண்ணீருக்குக் காசு கொடுத்த கதையாகிவிடும்.

இனி உப்புகள்.

சோடியம் நைட்ரேட்டில் எடைக்கு 73 சதவீதம் நைட்ரேட். மிஞ்சுவது சோடியம். கடல்நீரில் சோடியம் லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நாம் சேர்ப்பது அதில் கணக்கிலேயே வராது. லேப் கெமிக்கல் கடையில் 500 கிராம் டப்பாவாகக் கேட்டால் கிடைக்கும். கல் பவளம் (சுண்ணாம்பில் எலும்புக்கூடு கட்டும் வகை) இல்லாத, ஸோவாந்திட், காளான் பவளம் போன்ற மென்மையானவை மட்டும் இருக்கும் தொட்டிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு நைட்ரேட் அயனி உறிஞ்சப்படும்போதும் அதற்கு ஈடாக ஒரு பைகார்பனேட் தண்ணீரில் சேர்கிறது. நாளுக்கு அரை பிபிஎம் வீதம் மாதம் 15 பிபிஎம் நைட்ரேட் செலவானால் காரத்தன்மை சுமார் 0.7 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) ஏறும். கல் பவளம் இருந்தால் அது தின்றுவிடும். இல்லாவிட்டால் மாதாமாதம் மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

பொட்டாசியம் நைட்ரேட்தான் இங்கே மலிவு. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைக்கும் காய்கறிக்கும் தெளிக்க 13-0-45 என்று உரக்கடையில் கொடுக்கிறார்களே, அதேதான். சிவகாசிக்காரர்கள் வெடியுப்பு என்பதும் இதையே. நைட்ரேட் 61 சதவீதம். மிஞ்சுவது பொட்டாசியம்: 1 பிபிஎம் நைட்ரேட்டுக்கு 0.63 பிபிஎம். கடல்நீரில் பொட்டாசியம் 400 பிபிஎம் அளவில்தான் இருக்கிறது. மேலே சொன்ன வேகத்தில் ஊற்றினால் மாதம் 9 பிபிஎம்முக்கு மேல் கூடும், வருடத்தில் நூறைத் தாண்டும். பொட்டாசியத்தைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறவருக்கு அது 20 பிபிஎம் சொச்சத்தில் நின்றுவிடும். அதனால் ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுகிறவர் தைரியமாக வாங்கலாம். மாற்றாதவர் வாங்கவே கூடாது.

உரக்கடைக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். சுத்தமான பொட்டாசியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் 13.9 சதவீதம், அதனால் 13 என்ற எண் நம்பும்படியானது. 'மைக்ரோ நியூட்ரியன்ட் சேர்த்தது' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். அதில் செம்பு இருக்கக்கூடும். செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும், பவளத்தையும் விடாது. 19-19-19 பக்கமே போக வேண்டாம், அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு.

கால்சியம் நைட்ரேட்டைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த உப்பு இது. நைட்ரேட் 52.5 சதவீதம்தான். ஆனால் மிஞ்சுவது கால்சியம். அதோடு, நைட்ரேட் போன இடத்தில் பைகார்பனேட் வருகிறது என்று பார்த்தோமே, அந்த இரண்டும் சேரும் விகிதம், பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட எடுக்கும் அதே விகிதம். 1 மில்லி ஈக்விவலண்ட் (2.8 டிகேஎச்) காரத்தன்மைக்கு 20 பிபிஎம் கால்சியம். எதுவும் தேங்காது. மாதம் 15 பிபிஎம் நைட்ரேட்டோடு வரும் கால்சியம் 5 பிபிஎம்கூட இல்லை என்பதால், தனியாக ஊற்றும் கால்சியத்துக்கு இது மாற்று ஆகாது. ஆனாலும் இவ்வளவு கச்சிதமாகக் கணக்குத் தீரும் உப்பு வேறில்லை.

இதை லேப் கெமிக்கல் கடையில், டெட்ராஹைட்ரேட் என்று கேட்டு வாங்க வேண்டும். உரக்கடை கால்சியம் நைட்ரேட் வேறு சரக்கு. பையில் நைட்ரஜன் 15.5 சதவீதம் என்று போட்டிருக்கும். சுத்தமான டெட்ராஹைட்ரேட்டில் 11.9-க்கு மேல் இருக்கவே முடியாது. கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அந்த உரம் அம்மோனியம் நைட்ரேட்டும் சேர்ந்த இரட்டை உப்பு என்பது. போரான் கலந்த ரகமும் விற்கிறார்கள். இன்னொரு தொல்லை ஈரம். டப்பாவை மூடாமல் விட்டால் ஐப்பசி மழைக் காற்றில் குருணை நசநசத்து, பிறகு கஞ்சியாகவே ஆகிவிடும். அப்படி ஆனதை எடை போட்டால் பாதி தண்ணீரைத்தான் நிறுக்கிறோம். வாங்கிய அன்றைக்கே முழுவதையும் கரைசலாக்கி வைப்பது நல்லது.

அம்மோனியம் குளோரைடை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிக்கு நைட்ரேட்டைவிட அம்மோனியம் எளிதான உணவு, இது உண்மை. ஆனால் 1 பிபிஎம் நைட்ரேட்டுக்கு இணையான நைட்ரஜன் 0.29 பிபிஎம் அம்மோனியம். பிஎச் 8.2-க்கு மேல் ஏற ஏற, வெப்பம் கூடக் கூட, அதில் நச்சான அம்மோனியாவின் பங்கு ஏறும். மதுரைக் கோடைக்கு இது பொருந்தாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரமும் இதே உப்புதான், ஆனால் அதன் சுத்தத்துக்கு யார் உத்தரவாதம்?

கலக்கும் அளவு: 1 லிட்டர் கரைசலுக்கு சோடியம் நைட்ரேட் 13.7 கிராம், அல்லது பொட்டாசியம் நைட்ரேட் 16.3 கிராம், அல்லது கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 19 கிராம். எதைக் கரைத்தாலும் 10 மில்லி, 100 லிட்டர் தொட்டி நீரில் 1 பிபிஎம் கூட்டும். பாறை, மணல் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்து, சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இருப்பதைச் சேர்த்துத்தான் 100 லிட்டர். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 0 காட்டும் தண்ணீர் வேண்டும், கேன் தண்ணீர் போதாது. நாளுக்கு 1 பிபிஎம்முக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பாஸ்பேட்டை விட்டுவிட்டு நைட்ரேட்டை மட்டும் ஏற்றுவது, இரண்டும் சுழியில் கிடப்பதைவிட மோசமாகலாம். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பட்டினி கிடந்தால் பவளம் சூட்டிலும் வெளிச்சத்திலும் எளிதில் வெளிறும் என்று இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். கோடை நீண்ட ஊரில் இருக்கும் நமக்கு இது முக்கியம்.

பாஸ்பேட்டுக்கு உரக்கடை 0-52-34, அதாவது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், தாராளமாகப் போதும். பாஸ்பரஸைக் குறிக்கும் 52 என்ற எண்ணே சரக்கு ஏறக்குறைய சுத்தம் என்று சொல்லிவிடுகிறது. ஊற்றும் அளவு கொஞ்சம் என்பதால் பொட்டாசியமும் பிரச்சினை இல்லை. லிட்டருக்கு 1.43 கிராம் கரைத்தால் 1 மில்லி, 100 லிட்டரில் 0.01 பிபிஎம். டிரைசோடியம் பாஸ்பேட் டோடெகாஹைட்ரேட் என்றால் 4 கிராம். அது கையை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள். கால்சியம் நைட்ரேட்டோடு பாஸ்பேட் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். மற்ற உப்புகளில் திரியாது, ஆனாலும் நைட்ரேட் குறையும் வேகமும் பாஸ்பேட் குறையும் வேகமும் ஒன்றல்ல. உலர் பாறை பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் 0.03 ஏற்றினால் மறுநாள் டெஸ்ட்டில் சுழி காட்டும், இன்னும் சில வாரம் அப்படியே காட்டலாம். அதைப் பார்த்து அளவை இரட்டிப்பாக்க வேண்டாம். பாறை நிறைந்ததும் மறுநாளும் எண் இறங்காமல் நிற்கும். அன்றைக்கே அளவைப் பாதியாக்குங்கள்.